பதிமூணு சீட்டு

இந்தப் பக்கம் வந்து உட்காருங்கம்மா. அங்க ஃபேன் சுத்துறது தெரியும், காத்து வராது. நாலு மாசமா வாரத்துக்கு மூணு நாள் இந்த பெஞ்சுலதான் எனக்குக் குடித்தனம், அதனால சொல்றேன்.

வீட்டுக்காரருக்கா? ஸ்கேனுக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்களா? அப்ப முக்கால் மணி நேரத்துக்கு உங்களை யாரும் கூப்பிடமாட்டாங்க. பையை மடியிலயே வச்சுக்கிட்டு ஏன் கஷ்டப்படுறீங்க, கீழ வைங்க. எந்தக் கை? இடது கையா? பன்னெண்டு நாள்தான் ஆச்சா? கொடுத்து வச்சவங்கம்மா நீங்க. எங்க வீட்டுக்காரருக்கு வலது கை. சாப்பிடுற கை, கையெழுத்துப் போடுற கை, சிலுவை போடுற கை. சிலுவை போட்டு முப்பது வருஷம் ஆச்சு, அது வேற விஷயம்.

என் பேரு ஞானசௌந்தரி. அவர் பேரு பாக்கியநாதன். கரண்ட் ஆபீசுல லைன் இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டயர்டு ஆனவர். இப்ப உள்ள இருக்கார். இன்னைக்கு அவருக்குப் பரீட்சை. சிரிக்காதீங்க, நிஜமாவே பரீட்சைதான். அறுபத்தஞ்சு வயசு மனுஷன், பேத்தி வயசுப் பொண்ணு முன்னாடி சீட்டுக்கட்டைக் கையில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கார். ரெண்டு பேருக்கு, ஆளுக்குப் பதிமூணு சீட்டு, ஒவ்வொண்ணாப் பிரிச்சுப் போடணும். கீழ விழக்கூடாது. ரெண்டு சீட்டு ஒட்டிக்கிட்டுப் போகக்கூடாது. போட்டுட்டார்னா பாஸ். ஆசுபத்திரியில சீட்டு விளையாடச் சொல்லித்தர்றாங்கன்னு சொன்னா எங்க அன்பியத்துல ஒருத்தரும் நம்பமாட்டேங்கறாங்க.

அன்பியம்னா உங்களுக்குத் தெரியாதுல்ல. எங்க கோயில்ல பத்திருபது வீட்டை ஒரு கூட்டமாச் சேர்த்து, வாரம் ஒரு வீட்டுல கூடி ஜெபம் பண்ணுவோம், அதுதான். எங்க தெருவுக்கு நான்தான் தலைவி. நானாக் கேட்டு வாங்கலை. மூணு தடவை வேண்டாம்னேன். நாலாவது தடவை அவங்க கேக்கலை, நானே சரின்னுட்டேன்.

நான் யாரையும் குறை சொல்ற ஆளு கிடையாது. எட்டாம் கிளாஸ் படிச்சவ, எனக்கு என்ன தெரியும். ஆனா நடந்ததை நடந்தபடி சொல்றேன், நீங்களே கேட்டுக்கங்க.

கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷம். சாயங்காலம் ஆறரை ஆச்சுன்னா சட்டையை மாட்டிக்கிட்டுக் கிளம்பிருவார். மனமகிழ் மன்றம்னு ஒண்ணு இருக்கு, தாலுகா ஆபீசுக்குப் பின்னாடி. யாரு மனசு மகிழ்ந்துச்சோ, என் மனசு இல்ல. அங்க உட்கார்ந்து ரம்மி. காசு வச்சு ஆடுறதில்ல, அதைச் சொல்லணும். தோத்தவங்க டீ வாங்கிக்கொடுக்கணும். முப்பத்தெட்டு வருஷமா ஒரு டீக்காக ஒரு மனுஷன் வீட்டை விட்டுப் போனார்னா பார்த்துக்கங்க. நான் என்ன வீட்டுல டீ போடமாட்டேனா?

ஏழு மணிக்கு எங்க வீட்டுல ஜெபமாலை. எங்க ஜெபத்துல ஒரு வழக்கம் உண்டு. முன்பாதியை ஒருத்தர் சொல்லணும், பின்பாதியை மத்தவங்க சேர்ந்து சொல்லணும். பிள்ளைங்க இருந்த வரைக்கும் நான் சொல்ல, மகனும் மகளும் பதில் சொல்வாங்க. மகன் ஜெரால்டு கோயம்புத்தூருக்குப் போயிட்டான், மக ஓசூருக்குப் போயிட்டா. அப்புறம் முன்பாதியும் நான்தான், பின்பாதியும் நான்தான். பதினோரு வருஷம். சத்தமாத்தான் சொல்வேன். பக்கத்து வீட்டுக்காரங்க ரெண்டு பேர் இருக்கோம்னு நினைச்சுக்கிடட்டும்னு.

இந்த வருஷம் விபூதிப் புதன். அன்னைக்குத்தான் எங்களுக்குத் தவக்காலம் தொடங்குது, நெத்தியில சாம்பல் பூசிக்கிட்டு உபவாசம் இருப்போம். "இன்னைக்கு ஒருநாளாவது வீட்டுல இருங்க"ன்னேன். "சாம்பல் உனக்குப் பூசியாச்சுல்ல, எனக்கும் சேர்த்து வேண்டிக்க"ன்னுட்டுப் போனார். எட்டேகாலுக்கு போன் வருது. கையில பதிமூணு சீட்டோட சாஞ்சுட்டாராம், பக்கவாதம். மாணிக்கவாசகம்னு ஒருத்தர், வி.ஏ.ஓ.வா இருந்தவர், அவர்தான் இவருக்கு ஜோடி. அவரோட கார்ல தூக்கிப்போட்டு அரைமணி நேரத்துல ஆசுபத்திரியில சேர்த்துட்டார். மூளையில ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசியை நேரத்துக்குப் போட்டதாலதான் ஆளு பிழைச்சதுன்னு டாக்டர் சொன்னார். இருக்கட்டும். கூப்பிட்டு வச்சது யாரு? அவங்கதானே? வீட்டுல இருந்திருந்தா நான் பார்த்திருக்கமாட்டேனா? நான் அந்நேரம் கோயில்ல இருந்தேன், அது வேற.

கால் சீக்கிரமே தேறிடுச்சு. வாய் குழறும், ஆனா பேசுறது விளங்கும். கைதான். முதல்ல துணி மாதிரித் தொங்குச்சு. ரெண்டு மாசம் கழிச்சு மெல்ல மெல்ல மடங்க ஆரம்பிச்சது. முழங்கை மடங்கி நெஞ்சுக்கு வந்துருச்சு, விரல் அஞ்சும் உள்ள மடங்கி முஷ்டியாயிருச்சு. நீங்க இழுத்தாலும் வராது, நான் இழுத்தாலும் வராது. பார்க்க வர்றவங்க எல்லாம் ஆப்பிளும் பந்துமாக் கொண்டுவந்தாங்க. அமுக்கி அமுக்கிப் பழகுனா சரியாப் போயிருமாம். எங்க வீட்டுல இப்ப ஏழு பந்து இருக்கு, எல்லாத்துலயும் சிரிக்கிற மூஞ்சி வரைஞ்சிருக்கு. பையில ஒண்ணு கிடக்கு, உங்களுக்கு வேணும்னா எடுத்துக்கங்க. இந்தப் பொண்ணு பார்த்தா திட்டுவா, உள்ள மறைச்சு வச்சுக்கங்க.

அப்பத்தான் எனக்கு அந்த யோசனை வந்துச்சு. யோசனைன்னு சொல்லக்கூடாது, ஆண்டவரோட ஏவுதல். மாதா கோயில்ல வாங்குன ஜெபமாலையை அந்த முஷ்டிக்குள்ள நுழைச்சேன். அம்மா, கவ்விப் பிடிச்சார் பாருங்க! சிலுவை மட்டும் வெளிய தொங்குது, மணியெல்லாம் உள்ள. தூங்கும்போதும் விடலை. குளிக்கும்போதும் விடலை. இருமினாலும் கொட்டாவி விட்டாலும் இன்னும் இறுக்கிப் பிடிக்கிறார். முப்பத்தெட்டு வருஷம் ஜெபமாலையைத் தொடாத கை! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போச்சு.

ஏழு மணிக்கு அவரைக் கட்டில்ல சாய்ச்சு உட்கார வச்சு நான் முன்பாதி சொல்வேன். அவர் குழறிக் குழறிப் பின்பாதி சொல்வார். முதல்ல முகத்தைத் திருப்பிக்கிட்டார். எங்க போவார்? ஒரு வாரத்துல பழகிட்டார். அந்த ரெண்டு மூணு மாசம் மாதிரி ஒரு நல்ல காலம் எனக்கு வாழ்க்கையில வந்ததில்லம்மா. வியாதியை நல்ல காலம்னு சொல்றேன்னு நினைச்சுக்காதீங்க. ஆத்துமத்துக்குச் சொன்னேன். அவரோட ஆத்துமத்துக்கு.

அன்பியத்துல விஷயம் பரவிருச்சு. நான் பரப்பலை. நாலு பேருகிட்டதான் சொன்னேன். ஒவ்வொரு வாரமும் எங்க வீட்டுல கூட்டம் வைக்கணும்னு அவங்களாக் கேட்டாங்க. அவர் கையைத் தொட்டு முத்தி செய்வாங்க, முத்தம் கொடுக்கிறதைத்தான் அப்படிச் சொல்வோம். ஒருநாள் ரெண்டு பேர் பிடிச்சு விரலைக் கொஞ்சமா விலக்கிப் பார்த்தோம். உள்ளங்கையில மணி மணியா அப்படியே பதிஞ்சிருக்கு! பத்து மணி, எண்ணிப் பார்த்தேன். எதிர் வீட்டு ரெஜினா அழுதுட்டா. அவர் ஏதோ சொன்னார். "எரியுது"ன்னு சொன்ன மாதிரி இருந்துச்சு. பக்தியில எரியும்னு ரெஜினா சொன்னா.

பங்குச் சாமியாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். சின்ன வயசுச் சாமியார், இப்பத்தான் குருப்பட்டம் வாங்கி வந்திருக்கார். கையைப் பார்த்தார், மோந்து பார்த்தார். "அம்மா, டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"ன்னு கேட்டார். சாமியார் கேக்குற கேள்வியா அது? குறை சொல்லலை. இப்ப வர்ற சாமியாருங்களுக்கு விசுவாசம் கொஞ்சம் மட்டு.

அவர்தான் ஜெரால்டுக்கு போன் பண்ணியிருக்கணும். ஜூலை மாசம் லீவு போட்டுட்டு வந்து நிக்கிறான் என் மகன். மறுநாளே அவங்கப்பாவைக் கார்ல ஏத்தி இங்க கொண்டுவந்துட்டான். இங்க வந்தா ரெண்டு கதவு. ஒரு கதவு பிசியோ, அங்க நடக்க வைப்பாங்க. இந்தக் கதவு வேற. இங்க பல் விளக்க, பட்டன் போட, தலை சீவ, சாப்பிடச் சொல்லித்தர்றாங்க. இதுக்குக் காலேஜ்ல நாலு வருஷம் படிக்கணுமாம். நான் ரெண்டு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தேன், எனக்கு யார் பட்டம் கொடுத்தா?

அந்தப் பொண்ணு பேரு ஹேமலதா. ஒல்லியா இருப்பா, கதவைத் திறக்கும்போது பார்ப்பீங்க. அவர் மணிக்கட்டை முதல்ல உள்பக்கமா மடக்கினா. கட்டை விரலை வெளிப்பக்கமா நகர்த்தினா. இழுக்கவே இல்ல, ஏதோ பூனைக்குட்டியைத் தூக்குற மாதிரி. பேசிக்கிட்டே இருந்தா, கை தானாத் திறந்துக்கிச்சு. ஜெபமாலையை எடுத்து ஒரு டிரேயில வச்சா. உள்ள பார்த்தா. மூஞ்சி மாறிப்போச்சு.

"யாரும்மா இதை உள்ள வச்சது?"

"அவரே பிடிச்சுக்கிட்டார்"னேன்.

"பிடிக்கலைம்மா. அவரால விட முடியலை. அடிபட்ட மூளை, விடுன்னு கைக்குச் சொல்ல மறந்துருச்சு. இறுக்கு இறுக்குன்னு மட்டும்தான் சொல்லுது. உள்ள புண்ணாயிருக்கு பாருங்க, நகம் குத்தியிருக்கு. இன்னும் ஒரு மாசம் விட்டிருந்தா எங்க போயிருக்கும் தெரியுமா?"

என் மகன் முன்னாடி என்னைக் கேக்குறா. மனசுக்குள்ள அவளுக்காக ஒரு மரியே வாழ்க ஜெபம் சொன்னேன்.

அப்புறம் அவரைப் பார்த்துக் கேட்டா: "சார், இந்தக் கையால நீங்க என்ன செய்யணும்னு ஆசைப்படுறீங்க? எது உங்களுக்கு ரொம்ப முக்கியம்? அதை வச்சுத்தான் நாம பயிற்சியை ஆரம்பிக்கணும்."

நான் நினைச்சேன், சாப்பிடணும்னு சொல்வார், கையெழுத்துப் போடணும்னு சொல்வார். பேரப்பிள்ளையைத் தூக்கணும்னாவது சொல்வார்னு. வாயைக் கோணிக்கிட்டு, எச்சில் ஒழுக, அவ்வளவு தெளிவா ஒரு வார்த்தை சொன்னார்.

"சீட்டு."

அவ முகம் சுளிக்கணுமா இல்லையா? "சூப்பர் சார்"ங்கிறா! "சீட்டுப் பிடிக்கிறதுல பிடிக்கிறதும் இருக்கு, விடுறதும் இருக்கு. ஒவ்வொரு சீட்டையும் விட்டாத்தானே ஆட்டம். இதைவிட நல்ல பயிற்சி நானே யோசிச்சாலும் வராது"ன்னு மேஜை டிராயரைத் திறந்து ஒரு கட்டை எடுத்துப் போடுறா. ஆசுபத்திரி டிராயர்ல! ஆண்டவர் மூடின கையை நாங்க பீஸ் கட்டித் திறக்கணுமாம், எதுக்கு, மறுபடி ரம்மி ஆடுறதுக்கு. என்னைத் தவிர அந்த அறையில எல்லாரும் சிரிச்சாங்க. என் மகனும்.

அன்னையில இருந்து ஆரம்பிச்சது இந்தப் பாடு. கைக்கு ஒரு பிளாஸ்டிக் பட்டை செஞ்சு கொடுத்தா, ஸ்ப்ளின்டுன்னு பேரு. விரலெல்லாம் நீட்டி வச்சுக் கட்டணும், மத்தியானம் ரெண்டு மணி நேரம், ராத்திரி முழுக்க. பந்தே கூடாதாம், இவர் கைக்கு அது இன்னும் இறுக்கிவிடுமாம். ஊரே சேர்ந்து கொடுத்த பந்து தப்பு, இவ ஒருத்தி சொல்றது சரி. கையை மேஜை மேல விரிச்சு வச்சு உடம்புப் பாரத்தை அதுல போடணுமாம். ஸ்பான்ஜைத் தண்ணியில முக்கி எடுத்துப் போடணுமாம். துணி கிளிப்பைக் கம்பியில மாட்டிக் கழட்டணுமாம். எங்க வீட்டுல துணி காயப்போடுறப்ப ஒரு கிளிப்பை எடுத்துக் கொடுங்கன்னா நகராத மனுஷன், இங்க கிளிப்பை மாட்டிட்டுக் கைதட்டல் வாங்குறார்.

சாப்பாட்டைப் பத்திக் கேளுங்க. நான் ஊட்டக்கூடாதாம்! ஸ்பூன்ல தடியா ஸ்பான்ஜ் சுத்திக் கொடுத்து, அவரே சாப்பிடட்டும், சிந்துனா சிந்தட்டும்கிறா. கல்யாணம் ஆன புதுசுல ஊட்டவான்னு கேட்டேன். கூச்சமா இருக்குன்னு தட்டைத் தூக்கிக்கிட்டு வெளித் தாழ்வாரத்துக்குப் போயிட்டார். இப்ப அந்தக் கூச்சமெல்லாம் எங்க போச்சு? வாயைத் திறன்னா திறக்கிறார். அதை நிறுத்தணுமாம். ஸ்பூனை அலமாரியில பத்திரமா வச்சேன். தொலைஞ்சுபோச்சுன்னு சொன்னேன். அலமாரியில தொலைஞ்சுபோச்சு.

ஸ்ப்ளின்டு கட்டினா வலிக்குமேன்னு எனக்குப் பாவமா இருக்கும். அவர் கண் அசந்ததும் மெதுவாக் கழட்டிருவேன். விரல் நிம்மதியா மடங்கிக்கிரும். அதுக்குள்ள ஜெபமாலையை வச்சிருவேன். சும்மா இருக்கிற கைதானே. மந்திரிச்ச எண்ணெய் போட்டு நல்லா அழுத்தித் தேய்ப்பேன். பந்தும் கொடுத்தேன், ஒண்ணே ஒண்ணு, சின்னது. என் கடமையில நான் ஒரு குறையும் வைக்கலை.

ஒன்றரை மாசம் ஆச்சு. அந்தப் பொண்ணு கையைப் பிடிச்சுப் பார்க்கிறா, நோட்டுல என்னமோ எழுதுறா, மறுபடி பிடிச்சுப் பார்க்கிறா. "இறுக்கம் குறையவே இல்லையே. சார், ஸ்ப்ளின்டு போடுறீங்களா இல்லையா? யாரோ கழட்டுறாங்க"ன்னா.

அவர் என்னைப் பார்த்தார். அப்புறம் அவகிட்ட, "நான்தான் கழட்டுறேன். தாங்கலை"ன்னார்.

ஒரு கையால அந்தப் பட்டையைக் கழட்ட அவரால முடியாது. அது அவளுக்கும் தெரியும்னு நினைக்கிறேன், ஒண்ணும் கேக்கலை. பாருங்க, எப்படிப்பட்ட மனுஷன்! டாக்டர் மாதிரி இருக்கிற பொண்ணுகிட்ட கூசாமப் பொய். நானும் பேசாம இருந்துட்டேன். பொய் சொன்னது அவர், நான் இல்லையே. அந்த மாசம் பாவசங்கீர்த்தனத்துக்கு, அதான் சாமியார்கிட்ட பாவத்தை ஒத்துக்கிறதுக்கு, போனப்பக்கூட யோசிச்சேன், இதை எந்தக் கணக்குல சொல்றதுன்னு. அவர் பாவத்தை நான் போய்ச் சொன்னா அது புறணி ஆயிரும்ல? விட்டுட்டேன்.

ஆனா அதுக்கப்புறம் கழட்டலை. எதுக்கு வம்பு. திரும்பவும் அவரைப் பொய் சொல்ல வைக்கக்கூடாதுல்ல, அந்தப் பாவம் யாருக்கு வரும்?

அப்பத்தான் பெரிய டாக்டர் முழங்கைக்குக் கீழ ஒரு ஊசி போட்டார். அது என்ன ஊசி தெரியுமா? மூஞ்சியில சுருக்கம் தெரியாம இருக்கப் பணக்காரங்க போட்டுக்குவாங்களே, அதேதானாம்! இறுகின சதையைத் தளர்த்துமாம். ஊசி வேலை செய்யிற மூணு மாசத்துக்குள்ள பயிற்சியை விடாமப் பண்ணணும்னு ஹேமலதா தினமும் போன் பண்ணிப் பண்ணி என் உயிரை எடுத்துட்டா. ஸ்பூன்கூட அலமாரியில கிடைச்சுருச்சு.

அக்டோபர் எங்களுக்கு ஜெபமாலை மாசம். எங்க வீட்டுல பெரிய கூட்டம், முப்பது பேர் இருக்கும், வெளியூர்ல இருந்துகூட வந்திருந்தாங்க அந்தக் கையைப் பார்க்க. ஹாலுக்கு நடுவுல அவரை நாற்காலியில உட்கார வச்சு, விரலுக்குள்ள ஜெபமாலையை நானே வச்சுக் கட்டைவிரலை மூடினேன். ஜெபமாலையில அஞ்சு தேவரகசியம், மூணாவது நடந்துக்கிட்டிருக்கு. எல்லாரும் கண்ணை மூடியிருக்காங்க. சலங்குனு ஒரு சத்தம்.

கீழ கிடக்கு ஜெபமாலை. அவர் கையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு அதையே பார்க்கிறார். விரல் அஞ்சும் விரிஞ்சிருக்கு, கோணலாத்தான், ஆனா விரிஞ்சிருக்கு. "விட்டுருச்சு! ஞானம், கை விட்டுருச்சு!"ன்னு கத்துறார், ஜெபத்துக்கு நடுவுல. நான் குனிஞ்சு எடுத்து மறுபடி வச்சு, ஒவ்வொரு விரலா மூடினேன். முகத்தைச் சுருக்கி, நாக்கைக் கடிச்சுக்கிட்டு, மறுபடி விட்டார். சலங். நான் எடுத்து வச்சேன். மறுபடி சலங். கைப்பிள்ளை கிலுகிலுப்பையைத் தூக்கித் தூக்கிப் போடும்ல, அப்படி. முதல்ல ரெஜினாதான் சிரிச்சா. அப்புறம் முப்பது பேரும். சாமியார் கைதட்டினார். ஜெபமாலை அஞ்சு தடவை கீழ விழுந்தா மக்கள் கைதட்டுற காலம் வந்துருச்சும்மா. அதுக்கடுத்த வாரம் கூட்டம் ரெஜினா வீட்டுக்குப் போயிருச்சு.

நானும் அழுதேன். சந்தோஷத்துலதான்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். மாணிக்கவாசகம் இருக்காரே, அவர் நடுவுல மூணு தடவை பார்க்க வந்தார். தூங்குறார்னு சொல்லி வாசலோட அனுப்பிட்டேன். மூணாவது தடவை இவர் உள்ள இருந்து வேணும்னே இருமினார். தூக்கத்துல இருமுவார்னு சொன்னேன். அந்த மனுஷன் சும்மா இருக்காம இங்க ஆசுபத்திரிக்கே வந்து, ஹேமலதாகிட்ட பேசியிருக்கார். வர்ற திங்கக்கிழமையில இருந்து தினமும் ஆறரைக்கு ஆட்டோ அனுப்புறாராம். மன்றத்துக்குக் கூட்டிட்டுப் போய் எட்டரைக்குக் கொண்டுவந்து விட்டுருவாராம். அவளும், "ரொம்ப நல்லது, நாலு பேரோட உட்கார்ந்து ஆடினா கையும் தேறும், மனசும் தேறும். தினமும் சாயங்காலம் ஆட்டம், இதுதான் இனிமே உங்க வீட்டுப் பயிற்சி"ங்கிறா.

"வீட்டுலயே ஆடட்டும். வெளிய போனா பனி"ன்னேன்.

"ஆடலாம்மா, கூட ஆட ஆள் வேணுமே. வீட்டுல வேற யார் இருக்கா?"

"நான் இருக்கேன்"னு சொல்லிட்டேன். வாய்தான் சொல்லுச்சு, நான் யோசிக்கவே இல்ல.

"அம்மாவுக்கு ரம்மி தெரியுமா?"

"தெரியும்"னேன்.

அவர் சிரிச்சார் பாருங்க. அந்தக் கோண வாயை வச்சுக்கிட்டு, நாற்காலி ஆட ஆட, கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும். முப்பத்தெட்டு வருஷத்துல நான் சொன்ன எதுக்கும் அவர் அவ்வளவு சிரிச்சதில்ல. ஹேமலதா மட்டும் சிரிக்கலை. "சரிம்மா. வெள்ளிக்கிழமை சார் சீட்டுப் போட்டு முடிச்சதும் உங்களை உள்ள கூப்பிடுறேன். எதிர்ல உட்கார்ந்து ஒரு ஆட்டம் ஆடிக் காட்டுங்க. உங்களால முடியும்னா வீட்டுலயே வச்சுக்கலாம். இல்லேன்னா திங்கக்கிழமை ஆட்டோ வரட்டும்"னுட்டா.

வெள்ளிக்கிழமைன்னா இன்னைக்குத்தான்.

நீங்க வர்றதுக்கு முன்னாடி ஜெபம் பண்ணலாம்னு கண்ணை மூடினேன். எதுக்குன்னு ஜெபம் பண்றது? அவர் சீட்டெல்லாம் ஒழுங்காப் போடணும்னா, தப்பாப் போடணும்னா? போட்டுட்டார்னா நான் உள்ள போகணும். போடலைன்னா இன்னும் ஒரு மாசம் இங்கயே வரணும், எனக்கு அது ஒண்ணும் கஷ்டம் இல்ல. ஆனா காலையில பல் விளக்கிட்டு, அந்தக் கையாலயே துண்டைப் பிழிஞ்சு கொடியில போட்டுட்டு, பார்த்தியான்னு திரும்பி என்னைப் பார்த்தார். அதை நினைச்சா தப்பாப் போடணும்னு வேண்ட வரலை. சரி, உமக்குத் தெரியாததா ஆண்டவரேன்னு விட்டுட்டேன்.

வளர்மதின்னுதானே பேரு சொன்னீங்க? உங்ககிட்ட ஒண்ணு கேக்கலாமா, தப்பா நினைக்கக்கூடாது. உங்களுக்கு ரம்மி ஆடத் தெரியுமா?

தெரியுமா! அண்ணன்மாரோட ஆடுவீங்களா? மாதாவே, ஆளைப் பார்த்துத்தான் பக்கத்துல உட்கார வச்சிருக்கீங்க.

இருங்க, கட்டு வச்சிருக்கேன். நேத்து பஸ் ஸ்டாண்டுக் கடையில வாங்கினேன், முக்காடு போட்டுக்கிட்டு. கடைக்காரன் என் கழுத்துச் சிலுவையைப் பார்த்துட்டு ரெண்டு தடவை கேட்டான், இதுதான் வேணுமான்னு. ராத்திரி பூரா பிரிச்சு வச்சுப் பார்த்தேன், ஒண்ணும் விளங்கலை. இந்தச் சிவப்பு இதயம் போட்டது மட்டும் பரவாயில்ல, எங்க திரு இருதய ஆண்டவர் படம் மாதிரி இருக்கு. இது ராஜா, இது ராணி, அது சரி. நடுவுல இந்தக் கோமாளி யாரு? இவன் எதுக்கு வேணும்னாலும் ஆவானா? ராணி இல்லாத எடத்துல ராணியா உட்காருவானா? அப்ப ராணி எதுக்கு?

ஏழு மணி ஜெபத்தை ஆறுக்கு மாத்திக்கலாம், அதெல்லாம் ஒரு தடையும் இல்ல. அவர் பின்பாதி சொன்னாத்தான் சீட்டைக் கலைப்பேன்.

இந்த பெஞ்சுல வேண்டாம், மேல மாதா படம் மாட்டியிருக்கு. அந்தத் தூணுக்குப் பின்னாடி வாங்க. சீக்கிரம், உள்ள கைதட்டுற சத்தம் கேக்குது, போட்டு முடிச்சுட்டார் போல. மூணு சீட்டு வரிசையாச் சேரணும், அதுவரைக்கும் விளங்குது. அப்புறம்?

இன்னொண்ணு. அந்தப் பொண்ணு அன்னைக்கே என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கா, கொஞ்ச நாளைக்கு விட்டுக்கொடுத்து ஆடுங்கம்மா, சாருக்கு உற்சாகமா இருக்கும்னு. எனக்கா சொல்றா? முப்பத்தெட்டு வருஷமா வேற என்ன பண்ணினேனாம்? அதையெல்லாம் நீங்க சொல்லித்தர வேண்டாம். ஜெயிக்கிறதுக்கு மட்டும் சொல்லிக்கொடுங்க.